இலையும் எலியும்: தொடக்கநிலை ஆசிரியர் பட்டப்படிப்பும் தமிழ்த்துறைகளும் – புதுக்கோட்டையை முன்வைத்து ஒரு விமர்சனம்

ஆய்வுச்சுருக்கம்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைப் பட்டயப் படிப்பின் வழியாக அன்றிக் கல்லூரிப் பட்டப்படிப்பின் வழியாக உருவாக்க வேண்டும் என்னும் கருத்து, கோத்தாரிக் குழுவின் காலந்தொட்டு வலியுறுத்தப்பட்டு வருகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020 இதற்கு 2030 என்று காலவரையறையும் குறித்துள்ளது. இவ்விவாதம் பெரும்பாலும் படிப்பின் ஆண்டுக்கணக்கையும் சான்றிதழின் பெயரையும் சுற்றியே நிகழ்கின்றது. ஆறு வயதுக் குழந்தைக்குத் தமிழ் எழுத்தை அறிமுகம் செய்பவர் தமிழைப் பற்றி எதனை அறிந்திருக்க வேண்டும் என்னும் வினா இதில் எழுப்பப்படவில்லை. அவ்வறிவு தமிழ்த்துறைகளிடம் உள்ளது. அதனைத் தொடக்கக் கல்வியோடு இணைக்கும் பாடம் எந்தப் படிப்பிலும் உரிய இடம் பெறவில்லை என்பதைப் புதுக்கோட்டை நகரின் கல்வி நிறுவனங்களையும் அம்மாவட்டத்தின் அறிவொளி இயக்க அனுபவத்தையும் முன்வைத்து இக்கட்டுரை விவாதிக்கின்றது.

திறவுச்சொற்கள்: தொடக்கநிலை ஆசிரியர் கல்வி, எழுத்தறிமுகம், பேச்சுத்தமிழ், புதுக்கோட்டை, அறிவொளி இயக்கம், தமிழ்த்துறை

முன்னுரை

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தேவேஷ் சர்மா வழக்குத் தீர்ப்பு, ஆசிரியர் கல்வி குறித்த ஒரு பொது நம்பிக்கையை அசைத்தது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குப் பி.எட். பட்டம் பெற்றவரையும் நியமிக்கலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018 ஜூன் 28 அன்று அறிவிக்கை வெளியிட்டிருந்தது. பணியேற்ற இரண்டாண்டுகளுக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சியை முடித்துவிட்டால் போதும் என்பது அதன் நிபந்தனை. இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2021இல் இவ்வறிவிக்கையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் திறனை நோக்கி வடிவமைக்கப்பட்ட படிப்பு பட்டயமே, பி.எட். அத்தகையதன்று என்பது தீர்ப்பின் சாரம்.

பட்டம் உயர்ந்தது, பட்டயம் தாழ்ந்தது என்று பழகிய மனத்திற்கு இத்தீர்ப்பு முரணாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் தீர்ப்பைப் பட்டயத்திற்குக் கிடைத்த வெற்றியாக மட்டும் கொண்டாடுவது பொருந்தாது. பி.எட். எதனைத் தரவில்லை என்று நீதிமன்றம் கண்டதோ அதனைப் பட்டயப் படிப்பு முழுமையாகத் தருகின்றதா என்பது நீதிமன்றத்தின் முன் இருந்த வினா அன்று. அது கல்வியாளர்கள் எழுப்ப வேண்டிய வினா. குறிப்பாகத் தமிழ்நாட்டில் அது தமிழாய்வாளர்கள் எழுப்ப வேண்டியது.

‘இடைநிலை’ என்னும் பெயர்

தமிழகத்தில் தொடக்க வகுப்புகளைக் கையாள்பவர் ‘இடைநிலை ஆசிரியர்’ எனப்படுகின்றார். இடைநிலை வகுப்புகளுக்குக் கற்பிப்பதால் வந்த பெயர் அன்று இது. பள்ளி இறுதி வகுப்பு வரை படித்துப் பயிற்சி பெற்றவர் என்னும் பழைய தகுதியிலிருந்து வந்தது. ‘பட்டதாரி ஆசிரியர்’, ‘முதுகலை ஆசிரியர்’ என்பனவும் இத்தகையனவே. தாம் யாருக்குக் கற்பிக்கின்றார் என்பதால் அன்றி, தாம் எதுவரை படித்தார் என்பதால் ஆசிரியர் பெயர் பெறுகின்றார். ஐந்தாண்டுக் குழந்தையோடு பணியாற்றுவது பதினைந்தாண்டு மாணவரோடு பணியாற்றுவதைக் காட்டிலும் எளியது என்னும் எண்ணம் இப்பெயரமைப்புக்குள் ஒளிந்துள்ளது. ஊதிய வேறுபாடு இதன் மறுபக்கம். 2009 ஜூன் 1க்குப் பின் பணியேற்ற இடைநிலை ஆசிரியர்கள் ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ கோரித் தொடர்ந்து போராடி வருவதை இங்கு நினைவுகூரலாம்.

1964–66இல் செயல்பட்ட கோத்தாரிக் குழு, ஆசிரியர் பயிற்சி மூவகைத் தனிமையில் சிக்கியிருப்பதாகக் கண்டது: பல்கலைக்கழக அறிவுலகிலிருந்து தனித்திருத்தல், பள்ளிகளின் அன்றாடத்திலிருந்து தனித்திருத்தல், பயிற்சி நிறுவனங்கள் தம்முள்ளேயே ஒன்றிலிருந்து ஒன்று தனித்திருத்தல். பின்னர் அமைந்த சட்டோபாத்யாயா குழுவும், 2012இல் அறிக்கை அளித்த நீதிபதி வர்மா குழுவும் இக்குறையைச் சுட்டின. டெல்லிப் பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய நான்காண்டு பி.எல்.எட். படிப்பு, தொடக்கக் கல்விக்கென்றே வடிவமைக்கப்பட்ட பட்டம் சாத்தியமே என்பதைக் காட்டியது. பின்லாந்தில் 1970களின் இறுதியிலிருந்து தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு முதுநிலைப் பட்டமே அடிப்படைத் தகுதி. ஆகவே பட்டப்படிப்பு வேண்டும் என்னும் வாதத்தில் பிழை இல்லை. அப்பட்டத்திற்குள் என்ன இருக்கும் என்பதே கேள்வி.

ஒரே நகரில் மூன்று நிறுவனங்கள்

கோத்தாரிக் குழு கூறிய தனிமைக்குப் புதுக்கோட்டை நகரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. அங்கு மன்னர் கல்லூரி உள்ளது. அது பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. அரசு கல்வியியல் கல்லூரி உள்ளது, அதன் பி.எட். பாடத்திட்டத்தை 2008இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வகுக்கின்றது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் உள்ளது. அது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றது. அதன் பட்டயத் தேர்வை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகின்றது. மூன்று நிறுவனங்களும் ஒரே நகரில் உள்ளன. மூன்றும் மூன்று நிருவாகக் கோடுகளில் மேல்நோக்கிச் செல்கின்றன. அவற்றைக் கிடைமட்டமாக இணைக்கும் கோடு ஒன்றும் இல்லை.

இதன் விளைவு பாடத்திட்டத்தில் தெரிகின்றது. இளநிலைத் தமிழ் மாணவர் தொல்காப்பியமும் நன்னூலும் கற்கின்றார். எழுத்துகளின் பிறப்பும் குற்றியலுகரமும் சார்பெழுத்தும் அறிகின்றார். மொழியியல் அறிமுகமும் பெறுகின்றார். குழந்தை எழுத்தை எவ்வாறு அறிகின்றது என்பது அவர் பாடங்களில் இல்லை. பி.எட். பயிலும் தமிழ்ப் பட்டதாரி கற்பித்தல் முறைகளைக் கற்கின்றார். அவை 6ஆம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவரை, அதாவது ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவரை நோக்கியவை. பட்டயம் பயில்பவர் குழந்தையைப் பற்றி ஓரளவு கற்கின்றார். தமிழ்மொழி கற்பித்தல் அவருக்கு ஒரு பாடமாகவும் உள்ளது. ஆனால் மொழியைப் பற்றி அவர் கொண்டுவருவது மேல்நிலைப் பள்ளி இலக்கணமே. குழந்தையை அறிந்தவரிடம் மொழியறிவு குறைவு. மொழியை அறிந்தவரிடம் குழந்தையைப் பற்றிய அறிவு இல்லை.

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தின் தமிழ்-பிராமிக் கல்வெட்டைக் காணத் தமிழ் மாணவர்கள் களப்பயணம் செல்கின்றனர், செல்லவும் வேண்டும். தமிழ் எழுத்தின் பழமையைத் தன் மண்ணிலேயே கொண்ட மாவட்டம் அது. அதே சாலையில் உள்ள தொடக்கப் பள்ளியில் ஒரு குழந்தை தமிழ் எழுத்தை முதன்முதலாக எழுதிப் பார்க்கும் நிகழ்வு மட்டும் எழுத்தியல் ஆய்வின் எல்லைக்குள் வருவதில்லை.

‘இ’ என்றால் இலையா?

மேற்கூறிய இடைவெளி நிருவாகச் சிக்கல் மட்டுமன்று. வகுப்பறையில் அது எவ்வாறு செயல்படுகின்றது என்பதற்கு, பள்ளிச் சுவர்களில் நெடுங்காலமாகத் தொங்கும் உயிரெழுத்து அட்டையே சான்று. ‘இ’க்கு இலை, ‘உ’க்கு உரல், ‘எ’க்கு எலி, ‘ஒ’க்கு ஒட்டகம் என்று அவ்வட்டை காட்டும். தமிழகத்தின் பெரும்பகுதியைப் போலவே புதுக்கோட்டைச் சிற்றூர்க் குழந்தையும் வீட்டில் இலையை ‘எல’ என்றும் உரலை ‘ஒரல்’ என்றும் சொல்லிப் பழகியது. அக்குழந்தையின் செவிக்கு இலையும் எலியும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. உரலும் ஒட்டகமும் அவ்வாறே. படத்தைப் பார்த்து முதல் ஒலியைப் பிரித்தெடுத்து எழுத்தோடு பொருத்துக என்பது அட்டையின் கட்டளை. குழந்தை அக்கட்டளையைச் சரியாக நிறைவேற்றினால் ‘இ’ என்னும் எழுத்தை ‘எ’ என்று படிக்கும். ஆசிரியர் அதனைத் தவறு என்பார்.

மொழியியலாளருக்கு இது புதிய செய்தி அன்று. அடுத்த அசையில் அகர, ஐகாரம் வருமிடத்து முதலசையின் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் இறங்கி ஒலிப்பது பேச்சுத்தமிழின் ஒழுங்கான விதி. ‘எலி’யில் அடுத்த அசை இகரமாதலின் அங்கு மாற்றம் இல்லை, ‘இடம்’ என்பது ‘எடம்’ ஆவதும் ‘உடம்பு’ ‘ஒடம்பு’ ஆவதும் இவ்விதியின்படியே. கன்னடத்தில் இலைக்கு ‘எலெ’ என்பதே சொல். பர்ரோ முதலிய திராவிட மொழியியலார் இகர–எகர, உகர–ஒகர மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளனர். குழந்தையின் ‘எல’ கொச்சை அன்று. அது திராவிட மொழி வரலாற்றில் நன்கு அறியப்பட்ட ஒலிமாற்றம். இதனை அறிந்த ஆசிரியர் ‘இ’க்கு இட்லியையோ இஞ்சியையோ எடுத்துக்கொள்வார், இலையைச் சில வாரங்கள் தள்ளிவைப்பார். செலவில்லாத திருத்தம் இது. ஆனால் இதனைச் செய்யும் அறிவை எந்தப் படிப்பும் அவருக்குத் தரவில்லை.

இத்தகைய இடங்கள் இன்னும் பல. சொல்லிறுதி மகரம் பேச்சில் தனி மெய்யாக ஒலிக்காமல் முன்னுள்ள உயிரை மூக்கொலியாக்கி மறைகின்றது. எனவே ‘மரம்’ என்று சொல்லச் சொன்னால் சரியாகச் சொல்லும் குழந்தை ‘மர’ என்று எழுதி நிறுத்துகின்றது. ‘கல்’, ‘பால்’ என்பன வீட்டில் ‘கல்லு’, ‘பாலு’; குழந்தை அவ்வாறே எழுதும். ககரம் ஒன்றே ‘கல்’லில் ஓர் ஒலியையும் ‘பங்கு’வில் வேறோர் ஒலியையும் ‘மகன்’ என்பதில் மற்றோர் ஒலியையும் குறிக்கின்றது. இவற்றைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிப்பதும், ஒலிக்கும் எழுத்துக்குமான உறவைக் குழந்தை தானே தேடிக் கண்டதன் தடயம் என்று வாசிப்பதும் வேறுவேறு செயல்கள். இரண்டாவதைச் செய்ய மொழியறிவு வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டை நாவின் நிலையைக் காட்டிக் கற்பிக்கத் தொல்காப்பியப் பிறப்பியல் போதிய அடித்தளம் தருகின்றது; அவ்வியலைத் தேர்வுக்காக மனனம் செய்த பட்டதாரி அதனை ஒரு குழந்தையின் வாயருகே கொண்டுசெல்வதற்கு யாரும் வழிகாட்டவில்லை.

எழுத்தின் வடிவமும் இவ்வாறே. ‘கெ’ என்பதில் உயிர்க்குறி மெய்யின் இடப்புறம் முன்னதாக நிற்கின்றது. ஒலியோ பின்னதாக வருகின்றது. ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் நின்று மெய்யைச் சூழ்கின்றது. எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் மாறுபடும் இவ்விடங்களில் குழந்தை தயங்குவது இயல்பு. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ‘லை’ முதலிய எழுத்துகளின் பழைய கொம்பு வடிவத்தை மாற்றியது. பழைய வடிவில் எழுதிப் பழகிய பாட்டி தன் பேத்திக்கு ‘இலை’ என்று எழுதிக் காட்டினால், முதலெழுத்தின் ஒலியும் இறுதியெழுத்தின் வடிவும் ஆகிய இரண்டுமே சிக்கலாகின்றன.

அறிவொளி விட்டுச் சென்றது

எழுத்தறிமுகம் பற்றிய அறிவு புதுக்கோட்டையில் ஒரு காலத்தில் பெருமளவில் புழங்கியது. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் கீழ் 1991இல் அம்மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், ஊதியமின்றிப் பணியாற்றிய தொண்டர்கள் ஆகியோரின் முயற்சியால் மக்கள் இயக்கமாயிற்று. கல்லுடைக்கும் பெண்கள், வயலில் வேலை செய்வோர் ஆகியோருக்கு இரவில் பாடம் நடத்திய தொண்டர்களுள் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லர். பட்டமோ பட்டயமோ இல்லாத இளைஞரும் பெண்களும் அவர்களுள் மிகுதி. அரிச்சுவடி வரிசையை விடுத்து, கற்போரின் வாழ்வோடு தொடர்புடைய சொல்லை முதலில் எடுத்து, அதனைப் பற்றி உரையாடி, பின்னர் எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் முறை கையாளப்பட்டது. பாவ்லோ ஃப்ரைரேயின் சிந்தனை இதன் பின்னணியில் இருந்தது.

இன்று அவ்வியக்கம் பெண்கள் மிதிவண்டி கற்ற கதையாகவே பெரிதும் நினைவுகூரப்படுகின்றது. பி. சாய்நாத்தின் எழுத்தால் உலகறிந்த அந்நிகழ்வு பெருமைக்குரியதே. ஆயினும் மிதிவண்டியின் நிழலில் மறைந்துபோன ஒன்று உண்டு: தமிழ் எழுத்தை வளர்ந்தவர் எந்த வரிசையில் எளிதாகக் கற்றனர், எங்கே இடறினர், பேச்சு வழக்கிலிருந்து எழுத்து வழக்குக்கு எவ்வாறு கடந்தனர் என்னும் பட்டறிவு. ச. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ போன்ற நூல்களில் இயக்க அனுபவம் பதிவாகியுள்ளது. புதுக்கோட்டையைச் சேர்ந்த நா. முத்துநிலவன் போன்ற தமிழாசிரியர்கள் கல்வி பற்றித் தொடர்ந்து எழுதியுள்ளனர். அவை படைப்புகளாகவும் நினைவுக்குறிப்புகளாகவும் வாசிக்கப்படுகின்றன. ஆசிரியர் கல்வியின் பாடப்பொருளாக மாறவில்லை. வளர்ந்தோர் கற்றல் வேறு, குழந்தைக் கற்றல் வேறு என்று மறுக்கலாம். உண்மைதான்; வளர்ந்தவருக்கு உலகம் தெரியும், குழந்தைக்கு அதுவும் புதிது. ஆனால் எழுத்து ஒன்றே. அதன் சிக்கல்களும் பெரிதும் ஒன்றே.

இவ்வாறு சேராமற்போன அறிவை அரசு மீண்டும் மீண்டும் பணியிடைப் பயிற்சியாக உருவாக்க நேர்கின்றது. 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வளர்ந்து பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பணியில் உள்ள ஆசிரியர்களுக்கே சிலநாள் பயிற்சிகளாகச் சென்றன. திட்டம் மாறும்போது பயிற்சியும் மாறுகின்றது. அடித்தளம் கல்லூரியில் அமையாத நிலையில் ஒவ்வொரு திட்டமும் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

ஆசிரியர் தகுதித் தேர்வு இக்குறையை ஈடுசெய்யும் என்று கருதியோர் உண்டு. முதல் தாளின் 150 வினாக்களில் 30 தமிழுக்கு உரியவை. அவை பெரும்பாலும் இலக்கிய, இலக்கணச் செய்திகளைச் சோதிப்பவை. 2012இல் தமிழகத்தில் நடைபெற்ற முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அது ஆசிரியரின் அறியாமையாகப் பேசப்பட்டது. ‘எல’ என்று படிக்கும் குழந்தையை எதிர்கொள்ளும் திறனை அத்தேர்வு அளந்ததா என்று கேட்கப்படவில்லை.

நான்காண்டுப் பட்டம்: வாய்ப்பும் ஐயமும்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2021இல் விதிமுறை வகுத்த ஒருங்கிணைந்த நான்காண்டுப் படிப்பு, கலை, அறிவியல் அல்லது வணிகவியல் பட்டத்தையும் பி.எட். பட்டத்தையும் இணைக்கின்றது. மழலையர் முதல் 2ஆம் வகுப்பு வரையிலான அடித்தள நிலைக்கும், 3 முதல் 5 வரையிலான ஆயத்த நிலைக்கும் தனித்தனி ஆசிரியரை உருவாக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. இதனைச் சுற்றியுள்ள ஒன்றிய–மாநில முரண்பாடும் நுழைவுத்தேர்வுச் சிக்கலும் தனி விவாதத்திற்கு உரியவை. தமிழ்நாடு 2025 ஆகஸ்டில் தனக்கெனப் பள்ளிக் கல்விக் கொள்கையை வெளியிட்டுள்ளது. எவ்வழியில் பட்டம் வந்தாலும் ஈண்டு எழுப்பப்படும் வினா அவ்வண்ணமே நிற்கும்.

வழக்கமான இளநிலைத் தமிழ்ப் பாடங்களையும் வழக்கமான பி.எட். பாடங்களையும் அருகருகே வைத்து நான்காண்டு என்று பெயரிட்டால், ஒரே கூரையின்கீழ் இரு தனிமைகள் தொடரும். சங்க இலக்கியத் தாளும் குழந்தை உளவியல் தாளும் ஒரே மாணவரின் மதிப்பெண் பட்டியலில் இடம்பெறுவதால் அவை ஒன்றோடொன்று பேசிவிடுவதில்லை.

பள்ளியில் செலவிடும் காலமும் எண்ணத்தக்கது. இலங்கையின் தேசியக் கல்வியியற் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பயிற்சியின் இறுதி ஓராண்டு முழுதும் பள்ளியிலேயே கழிகின்றது. புதுக்கோட்டையின் ஆவுடையார்கோவில், மணமேல்குடி போன்ற ஒன்றியங்களின் சிற்றூர்ப் பள்ளிக்குச் செல்லும் புதிய ஆசிரியர் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள நேரலாம். ஒரு மூலையில் 1ஆம் வகுப்பு எழுத்தறியும்போது மறுமூலையில் 3ஆம் வகுப்பு வகுத்தல் கணக்குப் போடும். இச்சூழலைச் சில வாரக் கற்பித்தல் பயிற்சியால் அறிய இயலாது.

பட்டப்படிப்புக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்றுண்டு. அது கல்வியியல் வாதம் அன்று, வாழ்வியல் வாதம். இரண்டாண்டுப் பட்டயம், மேல்நிலைக் கல்வி முடித்த சிற்றூர்ப் பெண்கள் பலருக்கு வீட்டாரின் இசைவோடு அரசுப் பணியை நோக்கிச் செல்லக் கிடைத்த குறுகிய வழி. அதனை நான்காண்டாக்கினால் செலவும் காத்திருப்பும் இரட்டிக்கும். திருமணப் பேச்சு இடையில் நுழையும். இவ்வாதத்தைப் பட்டத்தின் ஆதரவாளர்கள் எளிதில் கடந்துசெல்கின்றனர், கடந்துசெல்வது முறையன்று. நான்காண்டு படித்தவரை இடைநிலை ஆசிரியர் ஊதியத்திலேயே அமர்த்துவதாயின் பட்டப்படிப்பு அப்பெண்களுக்கு இழப்பே. ஊதியத்தைப் பேசாமல் தகுதியை மட்டும் உயர்த்தும் கொள்கை, தொடக்கப் பள்ளிக்கு வர விரும்பிய திறனாளரையே உயர்நிலைப் பள்ளிக்குத் தள்ளிவிடும். உதவித்தொகை, மாவட்டத்திற்குள்ளேயே படிக்கும் வாய்ப்பு, பட்டதாரி ஆசிரியருக்கு இணையான ஊதியம் ஆகியவை பட்டத்தோடு சேர்ந்தே வர வேண்டும்.

தமிழ்த்துறை செய்யத்தக்கது

தமிழ்த்துறைகள் இவ்விவாதத்தில் இதுவரை பார்வையாளராகவே இருந்துள்ளன. தொடக்கக் கல்வி கல்வியியலாரின் புலம் என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். இதழியல், கல்வெட்டியல், நாட்டுப்புறவியல் ஆகியவற்றை விருப்பப்பாடமாக ஏற்ற துறைக்கு எழுத்தறிமுகம் அயலானது அன்று. ‘தமிழ் எழுத்தறிமுகமும் குழந்தை மொழியும்’ என்பது போன்றதொரு தாளில் பேச்சொலி மாற்றங்கள், எழுத்து வடிவ வரலாறு, அரிச்சுவடி முதல் இன்றைய 1ஆம் வகுப்புப் பாடநூல் வரையிலான நூல்களின் ஒப்பாய்வு, அறிவொளிப் பாடநூல்கள் ஆகியவை இடம்பெறலாம். அதன் செய்முறைப் பகுதிக்கு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவம் முழுதும் வாரம் ஒருமுறை அருகிலுள்ள பள்ளியில் ஒரே குழந்தையோடு அமர்ந்து, அது படித்ததையும் எழுதியதையும் தேதியோடு பதிந்து வரலாம். குழந்தை ‘எல’ என்று படித்த நாளும் ‘மர’ என்று எழுதிய நாளும் அப்பதிவேட்டில் இருக்கும். அவற்றுக்கான ஒலியியல் விளக்கத்தை மாணவர் எதிரே எழுதுவார். மாவட்டப் பயிற்சி நிறுவனத்தின் பட்டய மாணவர்களும் கல்வியியல் கல்லூரியின் பி.எட். மாணவர்களும் அதே பள்ளிகளுக்கே செல்கின்றனர். பதிவேடுகளை மூவரும் பகிர்ந்துகொள்வதற்குத் தடை ஏதும் இல்லை. இதற்கு ஒன்றிய அரசின் ஒப்புதலோ புதிய சட்டமோ தேவைப்படாது. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு விருப்பப்பாடமாக முன்மொழியலாம்.